நாற்பதாம் நம்பருக்கு மாற்றிப் பார்த்தால்

பஞ்சாலையில் ஆளோடு ஆளை வைத்துப் பார்க்காத ஷிப்டே கிடையாது. பகல் ஷிப்டுக்காரன் எடுத்த கிலோவை அரை நைட்டுக்காரன் விசாரிப்பான். அரை நைட்டுக்காரன் விட்டுப்போன கழிவுப் பஞ்சை முழு நைட்டுக்காரன் எடை போட்டு மேஸ்திரியிடம் காட்டுவான். அதனால் "யாரோடும் உன்னை ஒப்பிடாதே" என்று எவராவது புத்தி சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஒப்பிடாமல் ஒரு மில் அரை நாள்கூட ஓடாது. ஆனால் எதை எதோடு ஒப்பிடுவது என்பதற்கு மில்லில் ஒரு ஒழுங்கு உண்டு. மனுசனின் பிழைப்பை எடை போடும்போது மட்டும் அந்த ஒழுங்கை யாரும் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் எனக்கு. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும்தான். மடவார் வளாகம் வைத்தியநாத சாமியைத் தெரிந்தவர்கள் குறைவு. திருமலை நாயக்கரின் நோயைத் தீர்த்த சாமி என்று பெரியவர்கள் சொல்வார்கள். நோய்க்கு அவரை நம்பலாம். பிழைப்புக்கு பஸ் ஏறி இராஜபாளையம்தான் போகவேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். 1939-ல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில் வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மில்கள் முளைத்து, பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் பெருகின. நான் பள்ளிக்கூடம் முடித்த காலத்தில் எங்கள் தெருப் பையனுக்கு இருந்த வழிகள் மில், தறி, சிவகாசி. இதில் மில்தான் கௌரவம். ஷிப்ட் சங்கு, பி.எப்., தீபாவளி போனஸ், இதெல்லாம் இருந்தால் பெண் கொடுப்பார்கள்.

1984-ல் ஒரு மில்லில் ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். கூடவே சேர்ந்தவன் எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு முந்தியவன். அவனை இருபதாம் நம்பர் ஓடுகிற ரிங் பிரேம் நூற்பு மிஷினில் விட்டார்கள். என்னை நூறாம் நம்பரில். அப்போது எனக்கு நம்பர் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்ததெல்லாம், ஷிப்ட் முடிவில் அவன் மிஷினிலிருந்து கூடை கூடையாக நூல் இறங்குகிறது, என் மிஷினிலிருந்து கையளவு இறங்குகிறது என்பதுதான். நானும் எட்டு மணி நேரம் நிற்கிறேன், அவனும் எட்டு மணி நேரம் நிற்கிறான். நான் அவனைவிட அதிகம் ஓடினேன். மெல்லிய நூல் ஓயாமல் அறுந்துகொண்டே இருக்கும்.

நூலின் நம்பர் என்பது இதுதான். 840 கஜ நீளம் ஒரு கழி. ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை கழி தேறுகிறதோ அதுவே நம்பர். இருபது கழி தேறினால் இருபதாம் நம்பர், தடிமனான மொத்த நூல். நூறு தேறினால் நூறாம் நம்பர், வேட்டிக்கும் உயர்ந்த சட்டைத் துணிக்கும் போகிற மெல்லிசு. ஒரு கிலோ நாற்பதாம் நம்பர் நூலை அவிழ்த்து நீட்டினால் 67 கிலோமீட்டருக்கு மேல் போகும். மடவார் வளாகத்தில் ஒரு நுனியைக் கட்டிவிட்டு மதுரைப் பக்கம் வெகுதூரம் போய்விடலாம். நூறாம் நம்பர் என்றால் அதே கிலோ 169 கிலோமீட்டர். மெல்லிசாக இருப்பதால் மட்டும் எடை குறைவதில்லை. மெல்லிய நூல் நிற்க முறுக்கு அதிகம் வேண்டும். முறுக்கு ஏற ஏற, நூலை முறுக்கிச் சுற்றுகிற ஸ்பிண்டில் அதே வேகத்தில் சுற்றினாலும் வெளியே வருகிற நீளம் குறையும். ஆக, நாற்பதில் ஒரு ஸ்பிண்டில் எட்டு மணி நேரத்தில் நூறு கிராம் சொச்சம் தந்தால், நூறாம் நம்பரில் முப்பதைத் தொடுவதே பெரிய விஷயம்.

பஞ்சும் வேறு. மொத்த நூலுக்கு எந்தப் பஞ்சும் ஆகும். நூறாம் நம்பருக்கு நீள இழைப் பஞ்சு வேண்டும்: எகிப்து கிஸா, இல்லையென்றால் கோயம்புத்தூரில் 1974-ல் உருவாக்கிய சுவின். அதையும் கோமிங் மிஷினில் விட்டுச் சீவி, குட்டை இழைகளை எல்லாம் கழித்துவிட்டுத்தான் மேலே அனுப்புவார்கள். அப்படிக் கழிவதே நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்கு இருக்கும். ஆக, கூடை காலியாக இருக்கிற மிஷினுக்குப் பின்னால்தான் விலை உயர்ந்த பஞ்சும் அதிக வேலையும் போயிருக்கும்.

இதை மில் முதலாளிகள் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். ஒரு மில்லில் முப்பதாம் நம்பர், இன்னொரு மில்லில் எண்பதாம் நம்பர். எது திறமையாக ஓடுகிறது என்று எப்படிச் சொல்வது? கிலோவை வைத்துச் சொன்னால் மொத்த நூல் மில்தான் எப்போதும் ஜெயிக்கும். கோயம்புத்தூரில் 1956-ல் ஏற்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், நாங்கள் சிட்ரா என்று சொல்வது, இதற்கு அட்டவணை போட்டுக் கொடுத்தது. எந்த நம்பர் ஓடினாலும் அதை நாற்பதாம் நம்பருக்கு மாற்றிவிட வேண்டும். நூறாம் நம்பரில் எடுத்த ஒரு கிலோ, ஏறக்குறைய நாற்பதாம் நம்பரில் எடுத்த நாலு கிலோவுக்குச் சமம் என்பது போல. அதற்குப் பிறகுதான் இந்த மில்லையும் அந்த மில்லையும், இந்த மிஷினையும் அந்த மிஷினையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம். ஆபீஸ் ரிப்போர்ட்டில் இரண்டு பத்தி இருக்கும்: ஒன்று உள்ளபடி கிலோ, அடுத்தது 'நாப்பதுக்கு மாத்தி'. நான் அப்ரண்டிஸாக முகம் வாடி நின்றபோது எங்கள் மேஸ்திரி அந்தத் தாளைக் காட்டி இரண்டாவது பத்தியில் விரலை வைத்தார். இருபதாம் நம்பர்க்காரனும் நானும் ஒரே இடத்தில் இருந்தோம். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "போய் மிஷினப் பாருடா, அறுந்து கிடக்கு" என்றார்.

அந்த இருபதாம் நம்பர்க்காரன் ரொம்ப நாள் மில்லில் இருக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் திருப்பூர் போனான். கட்டிங் மாஸ்டரிடம் உதவியாளாக இருந்து, ஜாப் ஒர்க் எடுத்து, சொந்தமாகப் பனியன் யூனிட் போட்டான். 2005 ஜனவரியில் உலக நாடுகளுக்கிடையே இருந்த துணி ஏற்றுமதிக் கோட்டா எடுபட்டதும் திருப்பூருக்கு ஆர்டர் வந்து குவிந்த காலம் அது. கார் வாங்கி ஊருக்கு வந்தான். எங்கள் தெருவில் கார் திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே வெளியே போனது. என் வீட்டில் அன்று ராத்திரி பேசப்பட்டதை இங்கே எழுத வேண்டியதில்லை. மில்லுக்காரன் வீடுகளில் எல்லாம் பேசுவதுதான். "ஏங்க, ஒண்ணாத்தான சேந்தீங்க?" என்பது அதில் ஒரு வரி.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதே பருவத்தில் பஞ்சு விலையும் நூல் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. சாயம் போட இடமில்லை, நூல் வாங்கப் பணமில்லை, பிடித்த ஆர்டரை அனுப்ப வழியில்லை. அவன் வீட்டையும் இரண்டு மிஷின் வரிசையையும் விற்றான். நூல் விலை ஏறிய அந்த வருசம் நூல் மில்களுக்கு முதலில் நல்ல காலம், பிறகு விலை சரிந்ததும் கெட்ட காலம். இரண்டிலும் எனக்குச் சம்பளம் வந்தது. 2011-ல் எங்கள் இருவரையும் எடை போட்டால் ஒரு கணக்கு. 2006-ல் போட்டிருந்தால் நேரெதிர்க் கணக்கு. இப்போது அவன் சின்ன அளவில் ஜாப் ஒர்க் செய்துகொண்டு நிம்மதியாகத்தான் இருக்கிறான். பேத்திகளுக்கு அவன் தைத்த பனியன்தான் என் வீட்டுக்கு வருகிறது.

எந்த வருசத்தில் தராசைத் தூக்குவது என்பது இராஜபாளையத்துக்குப் புதுக் கேள்வி இல்லை. பி.எஸ். குமாரசாமி ராஜா 1949-லிருந்து 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். இந்த மண்ணிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன மனிதர். 1952 தேர்தலில் தோற்றார். முதலமைச்சராக இருந்தே தோற்றவர் என்று அன்றைக்குப் பேசியிருப்பார்கள். 1954-ல் ஒரிசாவின் கவர்னரானார். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். 1957-ல் காலமானார். 1950-ல் ஒருவன் தன்னை அவரோடு ஒப்பிட்டுக் குமைந்திருந்தால், 1952-ல் அவனே அவருக்காக இரக்கப்பட்டிருப்பான். 1954-ல் மறுபடியும் குமைந்திருப்பான். மனிதர் என்னவோ அவரேதான். (அவர் கவர்னராகப் போன ஒரிசாவிலிருந்து இன்றைக்குப் பையன்கள் ரயிலேறி வந்து எங்கள் மில்களில் அறுந்த நூலை ஒட்டி மிஷினின் சைடு பார்க்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருக்கும்.)

பேங்குக்குப் போன நண்பன் விசயம் இன்னும் விசித்திரம். அவனும் நானும் ஒரே வருசம் வேலைக்குப் போனோம். அவன் பரீட்சை எழுதி கிளார்க் ஆனான். அப்போது அவன் பேங்கிலும் பி.எப்.தான், பென்சன் கிடையாது. அதனால் பெரிய வித்தியாசமாக அன்றைக்கு யாருக்கும் படவில்லை. எங்கள் மில் போனஸ் நன்றாக இருந்த தீபாவளியில் அவன் என்னிடம் கைமாற்றுக்கூட வாங்கியிருக்கிறான். 1993-ல் பேங்க் ஊழியர் சங்கங்களுக்கும் நிர்வாகங்களுக்கும் ஒப்பந்தமாகி, 1995-ல் பென்சன் விதிகள் வந்தன. 2010 ஏப்ரல் முதல் பேங்கில் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பென்சன் இல்லை. ஆக, அவன் சேர்ந்த வருசமும் ஓய்வு பெற்ற வருசமும் அந்தக் கதவு திறந்திருந்த காலத்துக்குள் விழுந்தன. அவன் மூளைக்காரன், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1984-ல் பரீட்சை எழுதும்போது 1993 ஒப்பந்தத்தை அவன் மூளை கணக்குப் போடவில்லை. எனக்குக் கிடைப்பது இ.பி.எஸ்., அதாவது பி.எப். வழியாக வருகிற தொழிலாளர் பென்சன். 2014-ல் அதற்குக் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயித்தார்கள் என்று சொன்னால் அதன் லட்சணம் புரியும். இந்த இடத்தில் வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். எரிகிறது. ஆனால் எரிச்சல் அவன்மேல் இல்லை, நாற்பது வருசம் நூல் ஒட்டியவர்களுக்கு ஆயிரம் ரூபாய் போதும் என்று முடிவு செய்தவர்கள்மேல். பக்கத்து வீட்டுக்காரனோடு ஒப்பிட்டுப் புழுங்குகிற நேரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். முதலாளிகளுக்கு அது ரொம்ப வசதி.

சொந்தத்தில் ஒருவன் ஒய்-டூ-கே காலத்தில் அமெரிக்கா போனான். கம்ப்யூட்டரில் வருசத்தை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்ததால் ஒரு தலைமுறைக்கே விசா கிடைத்தது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை.

பால்கோவாக் கடையில் மாஸ்டராக இருக்கும் நண்பனிடம்தான் இதையெல்லாம் பேசுவேன். அடுப்படியில் நின்று பேசவேண்டும். அவன் கை நிற்காது. இரும்புச் சட்டியில் பால் சுண்டச் சுண்ட அடிபிடிக்காமல் துடுப்பால் கிளறிக்கொண்டே இருப்பான். பத்து லிட்டர் பாலுக்கு, சர்க்கரையும் சேர்த்து, மூன்று மூன்றரை கிலோதான் தேறும். முந்திரித்தோட்டு நெருப்பு, புளியவிறகு நெருப்பு என்று எந்தக் கட்டத்தில் எதை வைப்பது என்பதெல்லாம் அவனுக்குக் கண்ணிலேயே இருக்கிறது. 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைக்காரர்கள் கடை வாசலில் படம் எடுத்தார்கள். அவனை எடுக்கவில்லை. நான் கேட்டேன், "ஏன் மாப்ள, உனக்கு ஒண்ணும் தோணலயா?" துடுப்பை எடுக்காமல் சொன்னான்: "கடை போட்டவங்க எல்லாரும் பெரிய ஆளாயிட்டாங்கன்னு நீ பாக்குற. போட்டு மூடுன கடைய நான் எண்ணிக்கிட்டு இருக்கேன்." பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வரை அவன் வரிசையாகச் சொன்னான். எனக்கு ஒரு கடைகூட நினைவில் இல்லை.

அவன் சொன்னது சிவகாசிக்கும் பொருந்தும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். ஒரு ஊரின் தலையெழுத்தே மாறியது. அணில் மார்க்கு, காக்கா மார்க்குத் தீப்பெட்டிகள் வீட்டுக்கு வீடு அடுப்படிக்கு வந்தன. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வாத்தியார்கள் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதே இல்லை: ரயிலேறினால் ஜெயிக்கலாம். அதே காலத்தில் ரயிலேறி, கப்பலேறி ரங்கூனுக்கும் கொழும்புக்கும் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள், திரும்பாமலே போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்திருக்கிறார்கள். அவர்களை வாத்தியார் சொல்லவில்லை. ஜெயித்தவனின் பாதையை முன்னால் வைத்து நம் பாதையைப் பார்க்கும்போது, அதே பாதையில் போய் விழுந்தவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.

நூலை நாற்பதுக்கு மாற்ற அட்டவணை இருக்கிறது. ஏனென்றால் நூலின் நம்பர் தெரியும், முறுக்கு தெரியும், ஸ்பிண்டிலின் வேகம் தெரியும். மனுசனுக்கு எந்த நம்பர் என்று எவரும் கழி சுற்றிப் பார்த்ததில்லை. சாகக் கிடந்த அம்மாவை விட்டு நகர முடியாததால் திருப்பூர் போகாதவனுக்கு எவ்வளவு கூட்டுவது, மாமனார் முதல் போட்டவனுக்கு எவ்வளவு கழிப்பது? இதை யாரும் போட முடியாது. போட முடியாத கணக்கின் விடையை வைத்துக்கொண்டுதான் கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவரை ஒருவர் அளந்துகொள்கிறோம்.

ஆனாலும் ஒப்பிடுவதை விடச் சொல்ல மாட்டேன். எனக்குத் தொழில் வந்ததே ஒப்பிட்டதால்தான். மில்லில் சேர்ந்து ஐந்தாறு வருசம் கழித்து நான் பிட்டர் ஆனேன். மிஷின்களைப் பிரித்துப் பூட்டுகிற வேலை. அடுத்த ஷெட்டில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த பிட்டர் ஒருவர் இருந்தார், அண்ணாச்சி என்போம். அவர் மிஷின் கிலோ என் மிஷின் கிலோவுக்குப் பெரிதாகக் கூடுதல் இல்லை. ஆனால் அவருடைய சைடில் நிற்கிற பிள்ளைகள் உட்கார்ந்து தண்ணி குடிக்க நேரம் இருந்தது. என் சைடில் ஓட்டமாக ஓடினார்கள். விசயம் அறுப்பில் இருந்தது. நூறு ஸ்பிண்டிலுக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை நூல் அறுகிறது என்று எண்ணுவோம். பத்தைத் தாண்டினால் சைடு பார்க்கிறவர்கள் பாடு திண்டாட்டம். நாலுக்குக் கீழே இருந்தால் நல்ல மிஷின். அவருடையது நாலை ஒட்டி. என்னுடையது பத்தை.

வெட்கப்படாமல் போய்ப் பக்கத்தில் குந்தினேன். ரிங்குமேல் டிராவலர் என்று ஒன்று ஓடும். நகத்துண்டு போல வளைந்த சின்ன இரும்பு, முப்பது மில்லிகிராம் சொச்சம்தான் எடை. ஸ்பிண்டில் நிமிசத்துக்குப் பதினேழாயிரம் சுற்று சுற்றினால் அது ரிங்கைச் சுற்றி மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நாங்கள் மில்லுக்கு வருகிற பஸ்ஸைவிட வேகம். எண்ணெய் கிடையாது, தேய்ந்து சூடாகி ஒருநாள் பறந்துவிடும். அப்படிப் பறந்த பிறகு மாற்றுவது எங்கள் வழக்கம். அண்ணாச்சி மிஷின் தலைப்பில் சாக்பீஸால் தேதி எழுதி வைத்து, தேய்வதற்கு முன்பே மொத்தமாக மாற்றிவிடுவார். மாற்றுகிற அன்று ஒவ்வொரு ஸ்பிண்டிலும் ரிங்கின் நடு மையத்தில் நிற்கிறதா என்று கேஜ் போட்டுப் பார்ப்பார். ஒரு மயிரிழை சாய்ந்தாலும் நூல் ஒரு பக்கம் இழுபட்டு அறும். ரிங்கைத் துணியால் துடைத்து விரலால் தடவிப் பார்ப்பார். நானூற்று நாற்பது ஸ்பிண்டில் உள்ள மிஷினில் இதைச் செய்து முடிக்கும்போது இடுப்பு ஒடிந்துவிடும். "கிலோவப் பாத்தா எம்மேல பொறாமதான் வரும் தம்பி, வேற ஒண்ணும் வராது. அறுப்பப் பாத்தியல்லா, அதான் இங்க வந்து குந்திருக்க" என்றார்.

அவரிடம் கற்றதை வைத்துத்தான் கடைசிவரை பிழைத்தேன். எனக்குப் பின்னால் வந்த ஒருவன் டிப்ளமா படித்தவன். அவன் ஸ்பின்னிங் மாஸ்டர் ஆனான், நான் ஹெட் பிட்டராகவே ஓய்வு பெற்றேன். அவன் பதவியைப் பார்த்து எனக்குக் கற்க ஒன்றுமில்லை. அவன் கழிவுப் பஞ்சைக் குறைத்த விதத்தைப் பார்த்துக் கற்க இருந்தது, கற்றேன்.

இப்போது மில்லில் மறுபடி கூப்பிட்டு, புதுப் பையன்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கக் காண்ட்ராக்டில் வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஸ்பிண்டில் ஒரே மிஷினில். நூல் நிறைந்த காப்பை மாற்ற ஆள் வேண்டாம், மிஷின் தானே மாற்றிக்கொள்கிறது. எந்த ஸ்பிண்டிலில் நூல் அறுந்தது என்று திரையில் சிவப்பாகத் தெரிகிறது. நான் வந்ததும் ஷெட் வாசல் பலகையில் மிஷின்வாரியாக அறுப்பை எழுதச் சொன்னேன். ஒரிசாப் பையன் ஒருவன், தமிழ் நாலு வார்த்தைதான் தெரியும், எண் மட்டும் வாசிப்பான். ஏழாம் நம்பர் மிஷினில் அறுப்பு தன்னுடையதில் பாதி என்று பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் நின்றான். அடுத்த மாதம் ஏற்றுமதி ஆர்டர் நெருக்கியது. ஆபீஸிலிருந்து கிலோவையும் எழுதச் சொன்னார்கள். லாரியில் ஏறுவது கிலோதானே, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கிலோவை மேலே எழுதுகிறோம், அறுப்பைக் கீழே. இடம் பற்றாத நாளில் அறுப்பைப் பக்கத்துத் தூணில் சாக்பீஸால் எழுதிவிடுகிறேன்.